ஊருக்கு ஓர் ஆண்டுக் கணக்கு

ஆண்டு பிறந்ததும் உறுதிமொழி எடுக்கும் வழக்கம் தனிமனிதரோடு நின்றுவிடுவதில்லை. நகரங்களும் உறுதிமொழி எடுக்கின்றன. ‘தூய்மை நகர்’, ‘பசுமை நகர்’ என்னும் பலகைகள் சாலைச் சந்திகளில் எழுகின்றன. அவற்றின் வண்ணம் மங்குவதற்குள் அடுத்த ஆண்டும் அடுத்த பலகையும் வந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு சொன்னதில் எவ்வளவு நிறைவேறியது என்று கேட்பார் சிலரே. கேட்டாலும் எடுத்துக்காட்டக் கணக்கு இருப்பது அரிது.

இன்றைய தேவைக்காக நாளைய தலைமுறையின் பங்கைத் தின்றுவிடாமல் வாழ்வதே நிலையான மேம்பாடு. உலகப் பேரவைகள் பேசிய இக்கொள்கையை ஊர்மன்றத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கூடிய புவி மாநாடு. அங்கு ஏற்கப்பட்ட ‘நிகழ்ச்சி நிரல் 21’ என்னும் ஆவணத்தின் 28ஆம் அதிகாரம், 1996ஆம் ஆண்டுக்குள் ஊராட்சி அமைப்புகளுள் பெரும்பாலானவை தத்தம் மக்களோடு கலந்து பேசித் தமக்கென ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. மலேசியாவில் 2000ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி, கிரியான் ஆகிய நான்கு ஊராட்சிகள் இம்முயற்சிக்கு முன்னோடிகளாயின. 2015இல் ஐக்கிய நாட்டு மன்றம் 17 இலக்குகளை அறிவித்தது. அவற்றுள் பதினோராவது நகரங்களைப் பற்றியது. 2018இல் நியூயார்க் நகரம் தன் முன்னேற்றத்தைத் தானே அளந்து உலக மன்றத்தின் முன் வைத்தது. 2021இல் சுபாங் ஜெயாவும் ஷா ஆலமும் அத்தகைய அறிக்கைகளை வெளியிட்டன.

ஆக, இலக்கு வகுக்கும் முறை நாட்டுக்குப் புதியதன்று. எஞ்சியிருக்கும் கேள்வி ஒன்றே: எது இலக்கு, எது வெறும் ஆசை?

இதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு முடிந்து வெட்டுக்காட்டுக்குச் சென்றவர், மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார். அங்கே தராசு காத்திருக்கும். ‘இன்று நன்றாக உழைத்தேன்’ என்னும் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அவர் கண்ணெதிரே நிறுத்து, புள்ளியைக் கிராணி புத்தகத்தில் எழுதுவார். நிறுவையில் ஐயம் எழுந்தால் தொழிலாளி கேட்பார். எளியவரின் ஒருநாள் உழைப்புக்கு இத்துணைக் கண்டிப்பான கணக்கு இருந்ததென்றால், ஒரு நகரத்தின் ஓராண்டு வாக்குறுதிக்குத் தராசு வேண்டாமா? நிறுக்க முடிந்தது இலக்கு. நிறுக்க முடியாதது ஆசை.

நிறுப்பதற்கு முன், கையில் இருப்பது எது என்ற தெளிவும் வேண்டும். 2003 டிசம்பர் 21இல் மாநகரான அலோர் ஸ்டாருக்கும், நகராண்மைக் கழகங்கள் ஆளும் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் இது பொருந்தும். கெடாவில் 2011 செப்டம்பர் முதல் குப்பை அகற்றும் பணி கூட்டரசுச் சட்டத்தின்கீழ்க் குத்தகை நிறுவனத்திடம் சென்றது. குழாய்நீர் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு. தொழிற்சாலைப் புகையைக் கண்காணிப்பது சுற்றுச்சூழல் துறை. அவ்வாறாயின் நகராண்மைக் கழகத்தின் கையில் எஞ்சுவது என்ன? வணிக உரிமம், கட்டட அனுமதி, சந்தை, பூங்கா, நிழல்மரம், வீட்டு மதிப்பீட்டு வரி ஆகியவை எஞ்சுகின்றன. இவை சிறியவை அல்ல. ‘மாசில்லா நகர்’ என்னும் இலக்கு தவறினால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைச் சுட்டலாம். ‘இவ்வாண்டுக்குள் இத்தனை நிழல்மரங்கள் நடப்படும்’ என்னும் இலக்கு தவறினால் சுட்டுவதற்கு வேறு ஆளில்லை.

பொறுப்பு சிதறினால் என்ன நேரும் என்பதைச் சுங்கை பட்டாணி அறியும். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குத் தன் கதவை அடைத்தது. அயல்நாட்டுக் கழிவு மலேசியத் துறைமுகங்களை நோக்கித் திரும்பியது. சுங்கை பட்டாணி வட்டாரத்திலும் மறுசுழற்சிக் கொட்டகைகள் முளைத்தன. அவற்றுள் உரிமம் இல்லாதவையும் இருந்தன. எரியும் பிளாஸ்டிக்கின் நாற்றத்தையும் மூச்சுத் தொல்லையையும் குறித்துக் குடியிருப்பாளர்கள் முறையிட்டார்கள். பின்னர்ச் சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன. 2019இல் கழிவுக் கொள்கலன்களை வந்த நாடுகளுக்கே திருப்பியனுப்பும் பணியும் தொடங்கியது. இந்நடவடிக்கைகள் பாராட்டத்தக்கவை. எனினும் அவை மக்கள் புகையை உண்ட பிறகு வந்தவை. ‘நகர எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு கழிவுக் கொட்டகையும் ஆண்டுக்கு இருமுறை சோதிக்கப்படும், உரிமம் பெற்றவற்றின் பட்டியல் பொதுவில் ஒட்டப்படும்’ என்பது போன்ற ஓர் எளிய இலக்கு, முறையீட்டுக்கு முன்பே கண்ணைத் திறந்து வைத்திருக்கும்.

இலக்கில் யார் எண்ணப்படுகிறார்கள் என்பதும் நோக்கத்தக்கது. தோட்டத்து லயத்தில் வீடு, நீர், துப்புரவு ஆகியவற்றுக்கு நிருவாகமே பொறுப்பு என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, அங்கிருந்த குடும்பங்களுள் பல மலிவுவிலை அடுக்ககங்களுக்கு வந்து சேர்ந்தன. நிருவாகத்தின் குடிகளாய் இருந்தவர்கள் நகரத்தின் குடிகளானார்கள். பூங்காவின் பூச்செடிகளை எண்ணும் நகரம், அடுக்ககத்தின் பின்புறக் கால்வாயை எண்ணாவிட்டால் அக்கணக்கு பாதிக் கணக்கே. அக்கால்வாயின் நீர் சுங்கை பட்டாணி ஆற்றில் விழுந்து, மெர்போக் ஆற்றின் அலையாத்திக் காட்டைத் தொடுகிறது. ஏழையின் வாசலில் தேங்கும் அழுக்கு அங்கேயே நின்றுவிடுவதில்லை. கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்த வள்ளுவரின் வைப்புமுறை, நீரின் இடம் எதுவென்று ஆள்வோருக்கு உணர்த்துவது போலும்.

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. வாக்குச்சீட்டால் கேட்க இயலாத கேள்வியை வேறு வழியால் கேட்க வேண்டியுள்ளது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதற்கு ஒரு சிறு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. மன்றத்தின் கூட்டங்கள், மன்றமே வேறு தீர்மானம் செய்தாலன்றி, பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. அங்கே சென்று அமர்வோர் எத்தனை பேர்? கேட்பார் இல்லாத இடத்தில் கணக்கு மெலிவது இயல்பு.

இங்கேதான் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கடமை இருக்கிறது. ‘நான் நகராண்மைக் கழகத் தலைவரானால்’ என்று கட்டுரை எழுதப் பணித்தால், மாணவர்கள் பூஞ்சோலைகளையும் நீரூற்றுகளையும் தாளில் படைத்து நல்ல புள்ளியும் பெறுவார்கள். அதற்கு முன், தங்கள் குடியிருப்பில் எத்தனை கால்வாய்கள் அடைபட்டுள்ளன, எத்தனை தெருவிளக்குகள் எரியவில்லை என்று ஒரு வாரம் எண்ணிவரச் சொல்லலாம். பின்னர் அப்புள்ளிகளை வைத்து மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதச் செய்யலாம். ஆறு மாதம் கழித்து மீண்டும் எண்ணி, இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதலாம். எண் குறைந்திருந்தால் நன்றிக் கடிதம். குறையாவிட்டால் இரண்டாம் கடிதம். கடித இலக்கணமும் கணிதமும் குடிமைப் பண்பும் ஒரே பாடத்தில் அமையும். நகரத்துக்கும், அதன் வாக்குறுதியை நிறுத்துப் பார்க்கும் இளங்கண்கள் கிடைக்கும்.