வண்டி எறங்கிடுச்சு

தம்பி, வளைகுடாவில் வண்டி ஓட்டிய நம்மாட்களைக் கேட்டுப் பார், 'கர்ரஸ்' என்று ஒரு சொல் சொல்வார்கள். மணலில் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டால் அங்கே அரபியில் அப்படித்தான் பேச்சு. துணியில் ஊசி குத்துவதற்கும் அதே வேர்ச்சொல்தான். நம்மூர் லாரிக்காரர்கள் சேற்றில் மாட்டினால் 'வண்டி எறங்கிடுச்சு' என்பார்களே, அதேதான்.

அபுதாபியில் லிவாவைத் தாண்டினால் ருப் அல் காலி பாலைவனம். அந்தப் பக்கம் பிக்கப் ஓட்டப் போன முதல் வருஷமே எனக்கும் இறங்கியது. அப்போது சக்கரம் கால்வாசிகூட மறையவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் மானம் போகுமே என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். சுற்றச் சுற்ற, சக்கரம் தன் பள்ளத்தைத் தானே தோண்டிக்கொண்டது. பத்து நிமிஷத்தில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

ரோடுவரை நடந்துபோய், வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்தி, 'கர்ரஸ்' என்றேன். வயதான அரபிக்காரர் ஒருவர். எப்படி நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. என்னோடு வந்து நேரே என் வண்டியின் டயர் பக்கம் குந்தி, 35 இருந்த காற்றை 15க்கு இறக்கினார். காற்றுக் குறைந்தால் டயர் அகலமாய்ப் படியும், பாரம் பரவும், மணல் தாங்கும். வயிற்றுக்கு அடியிலும் சக்கரத்தைச் சுற்றியும் இருந்த மணலை அள்ளி வெளியே போட்டோம். பிறகு, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை மெதுவாக அசைத்தார். வண்டி வந்துவிட்டது.

வண்டியைப் பாதி புதைத்தது மணல். மீதியைப் புதைத்தது, 'மாட்டிக்கொண்டேன்' என்று சொல்ல வெட்கப்பட்ட என் பத்து நிமிஷம். முதல் அரியரை வீட்டில் மறைத்தவன், முதல் தவணை தவறியதும் இன்னொரு கடன் வாங்கி அடைத்தவன், எல்லாரும் அந்த ஆக்சிலேட்டரைத்தான் மிதிக்கிறார்கள்.

இன்னொன்று. தார் ரோடு ஏறியதும் அவர் பம்பை எடுத்து டயருக்குக் காற்றடித்துவிட்டுத்தான் என்னை விட்டார். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும். பணிந்து போவதும் மணல் தாண்டும் வரைக்கும்தான். அப்புறம் நிமிர்ந்து ஓட்டு.

நீ ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "நல்லா இருக்கேன் தாத்தா" என்கிறாய். ஒருநாள் அப்படி இல்லையென்றால் "எறங்கிடுச்சு" என்று மட்டும் சொல்லு. எப்படி என்று கேட்கமாட்டேன், கிளம்பி வருவேன்.