பொருநைக் கரையில் நான்கு நாள்

பொருநை என்னும் பெயரை ஏட்டிற் கண்டவர் பலர். நீரிற் கண்டவர் சிலர். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்து உரையாசிரியர்களோடு உறவாடும் எம்போன்றார்க்கு அந்த நதி ஓர் அடிக்குறிப்பு மட்டுமே; கருவூரருகே ஓடும் ஆன்பொருநையோடு இதனை மயங்கலாகாது என்று ஏட்டின் ஓரத்திற் குறித்துக்கொண்டு அப்பாற் செல்வோம். அவ்வடிக்குறிப்பில் இறங்கிக் கால் நனைக்கும் பேறு சென்ற பொங்கல் விடுமுறையில் எமக்கு வாய்த்தது. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு உரைக்க விழைந்தே இதனை எழுதலுற்றோம்.

எம் தந்தையார் இளமையிற் பாளையங்கோட்டையிற் கல்லூரி பயின்ற காலத்து அவரோடு ஒரே விடுதியறையில் இருந்த நண்பர் ஒருவர் உளர். அவர் சைவர், எம்மவர் கிறிஸ்தவர். திருமணத்திற்கும் துக்கத்திற்கும் இரு குடும்பமும் தவறாது கூடுமாயினும், யாம் அனைவரும் அவ்வூருக்குச் சென்று தங்கியது இதுவே முதன்முறை. அந்நண்பரை மாமா என்றும், அவர் மனைவியாரை அத்தை என்றும், அவருடைய அன்னையாரை ஆச்சி என்றும் அழைப்பது எம் வழக்கம்.

நெல்லை விரைவு வண்டியிலிருந்து காலையில் இறங்கிய எம்மை எதிர்கொண்ட மாமாவின் சட்டைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. நான்கு நாட்களுக்கும் எவ்வெவ்விடம், எந்நேரம் என்று முறையே எழுதியிருந்தார். பரீட்சைக்குப் படிப்பவர்தாம் இவ்வாறு கால அட்டவணை வகுப்பர் என்று எண்ணியிருந்தோம். அக்காகிதத்தை எம் தங்கை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "மாமா, இதில் ஆறு இல்லையே?" என்றாள். "பாலத்தில் போகும்போது தெரியும்" என்று கூறி அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

முதல் நாள் நெல்லையப்பர் கோயில். சுவாமி கோயிலும் காந்திமதியம்மன் கோயிலும் முன்னர்த் தனித்தனியே நின்றவை. அவற்றை இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647-ஆம் ஆண்டில் வடமலையப்ப பிள்ளையன் கட்டுவித்தார். கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் தாமிர சபை இங்கேயுள்ளது. மணிமண்டபத்தில் நடுத்தூண் ஒன்றைச் சூழ ஒரே கல்லிற் செதுக்கிய சிறு தூண்கள் விரலால் தட்டியவுடன் வெவ்வேறு ஒலி எழுப்பின. எம் தங்கை அவற்றை ஆலயத்து ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டு முணுமுணுத்தவண்ணம் நின்றாள். அன்று மாலையே கீழ ரதவீதியில் இருட்டுக்கடை என்னும் பெயர்பெற்ற அல்வாக் கடையின் வரிசையிலும் நின்றோம். மங்கிய ஒளியில் மாலைப்பொழுதில் மட்டும் வாணிகம் நடத்தி, உள்ளது தீர்ந்ததும் கடையை அடைத்துவிடும் அவ்வழக்கம் எமக்கு மிகவும் பிடித்தது. கோதுமைப் பாலினும் நெய்யினும் மேலாக, ஆற்று நீரே அல்வாவின் சுவைக்குக் காரணம் என்று வரிசையில் நின்றவரெல்லாம் எமக்கு உரைத்தனர். ஆற்றைப் பற்றி அன்று யாம் கேட்ட நல்ல சொல் அஃதொன்றே.

மறுநாள் பாலங்கடந்து பாளையங்கோட்டைக்குச் சென்றோம். சுலோசன முதலியார் பாலம் என வழங்கும் இது 1843-இல் திறக்கப்பெற்றது. ஆட்சியர் அலுவலகத்திற் சிரஸ்தாராக இருந்த முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொண்டே 11 வளைவுகளோடு இதனைக் கட்டுவித்தார். அவர் மனைவியார் தம் நகைகளையும் ஈந்தார் என்பது ஊர் வழக்கு. அதற்கு முன் இருகரையினர்க்கும் ஓடமே துணை. 1869-இல் வந்த வெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோக, 1871-இல் மீண்டும் செப்பனிட்டனர்.

பாளையங்கோட்டையில் ஒரு புதுமை கண்டோம். குளோரிந்தா என்னும் பிராமண விதவை 1778-இல் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று 1785-இல் எடுப்பித்த சிற்றாலயத்தையும், பாப்பாத்தி கோயில் என மக்கள் அதனை வழங்கும் வரலாற்றையும், ஊசிக்கோபுரம் எனப்படும் பேராலயத்தை 1826-இல் எழுப்பிய இரேனியஸ் ஐயர் தமிழ் இலக்கணம் எழுதியதையும் எமக்கு விரித்துரைத்தவர் சைவராகிய மாமா. முந்தினநாள் சங்கிலி மண்டபத்தின் கதையை உரைத்தவரோ எம் தந்தையார்! விடுதியறையில் இருவரும் தத்தம் பாடத்தினும் மற்றவர் ஊர்க்கதையையே மிகுதியாகப் படித்தனர் போலும்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் தந்தையார் வண்டியை நிறுத்தச் சொன்னார். "குறுக்குத்துறைக்குப் போவோம். நாம் நீந்திய இடத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும்." மாமா வண்டியை நிறுத்தவில்லை. "அங்கே பார்க்க இப்போது என்ன இருக்கிறது வே?" என்றார். அதன்பின் வீடு சேரும்வரை எவரும் பேசவில்லை.

அன்றிரவு ஆச்சி எம்மைத் தனியே அழைத்து, "ஏ ஐயா, ஆற்றைப் பாராமல் ஊரைப் பார்த்தேன் என்று போய்ச் சொல்லப்போகிறாயா?" என்றார். விடியற்காலையில், மாமா எழுமுன்னரே, ஆட்டோ ரிக்ஷா ஒன்றில் யாமும் தங்கையும் ஆச்சியோடு புறப்பட்டோம்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றின் கரையில் அன்று, ஆற்றினுள்ளேயே நிற்பது. வெள்ளம் வரும் திசையிற் படகின் முனைபோலக் கூரியதாக அதனை அமைத்துள்ளனர். ஆறு பெருகுங்கால் உற்சவ மூர்த்தியைக் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, கோயிலை நீருக்கே விட்டுவிடுவர். வெள்ளம் வடிந்தபின் சேற்றைக் கழுவி வழிபாட்டைத் தொடர்வர். வெள்ளத்தைத் தடுக்க முயலாது அதற்கு வழிவிட்டு நிற்கும் இக்கட்டடத்தைப் போன்றதொன்றை யாம் வேறெங்கும் கண்டதில்லை. அந்நாலு நாளில் எம் மனத்தை நிறைத்த காட்சி இதுவே.

ஆயினும் படித்துறைக்கு அணித்தாய்க் கரிய ஓடை ஒன்று ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. அதன் நாற்றம் கரைமேலும் எட்டியது. ஆச்சி கடைசிப் படிக்கு முந்திய படியில் நின்றுவிட்டார். நாற்பதாண்டு நாள்தோறும் நீராடிய துறை அது. சில ஆண்டுகளாக இறங்குவதில்லை என்றார். "உன் மாமாவுக்கு வெட்கம், ஐயா. விருந்தாளிக்கு இதைக் காட்டலாமா என்று" எனக் கூறிவிட்டு, கரைக்கு மேலே ஒரு தெருவைச் சுட்டினார். அங்கேதான் அவருடைய பழைய வீடு இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த மழையை அன்பர் பலரும் அறிவர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஓராண்டின் மழை ஒரு நாளிற் பொழிந்தது எனலாம். மலையில் அணைகள் நிரம்பி வழிய, சமவெளியிற் குளங்கள் உடைய, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன புகைவண்டியில் நூற்றுக்கணக்கானோர் வெளியேற வழியின்றி இருந்தனர். ஆச்சியின் வீட்டிற் சன்னல் வரை நீர் நின்றது. முதலிற் பாத்திரங்களையும், பின்னர்க் கணவரின் படத்தையும் மாடிக்கு ஏற்றினாராம். மூன்றாவதாக எடுக்க எண்ணியது பத்தமடைக் கல்யாணப் பாய். மணமக்கள் இருவர் பெயரையும் பாயிலேயே நெய்து தருவது அவ்வூர் வழக்கம். அதனை எடுக்கத் திரும்பியபோது நீர் இடுப்பளவு வந்துவிட்டது. அதன்பின் ஆச்சி மகன் வீட்டிலேயே இருக்கிறார்.

மூன்றாம் நாளின் எஞ்சிய பொழுதை ஆதிச்சநல்லூர் கொண்டது. 1899 முதல் 1905 வரை இரே என்பவர் அகழ்ந்த அம்மேட்டிற் புதைதாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடியின் கீழ்க் கண்டோம். அதுபற்றி எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கம் போதாது.

நான்காம் நாள் ஆற்றோடு மேற்கே சென்றோம், ஆச்சி வரவில்லை. வழியில் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை உலர்த்தி, மெல்லிய இழையாகக் கிழித்து, ஓடும் நீரிற் பல நாள் ஊறவைத்து, முஸ்லிம் பெண்டிர் தம் இல்லங்களிலேயே பாய் நெய்கின்றனர். நுண்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கு ஆகும். கையிலெடுத்தால் பட்டுப்போல மடிகிறது. மாமா ஒரு பாயை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, இரு பெயர் நெய்ய எத்தனை நாள் ஆகுமென்று வினவினார். பின்னர்த் தெருவிற்கு வந்து ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமொழி எமக்கும் கேட்டது: "பழைய பாயிலே அவர் படுத்திருந்தார். புதுப் பாயிலே யார் படுத்தா? கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைகள் பெயரை நெய்யச் சொல்லு." மாமா தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டார். அத்தை எம் தங்கைக்கு விசிறி ஒன்று வாங்கித் தந்தார்.

பாபநாசத்திலும் ஆற்றில் விட்ட பழந்துணிகள் படித்துறையிற் குவிந்து கிடந்தன. ஆனால் மேலே அகத்தியர் அருவியில் நீரின் அடியிற் கிடந்த ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம். தந்தையாரும் மாமாவும் இளைஞரைப்போல் அருவியின் கீழ் நின்று கூவினர். பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடல்புகும்வரை இந்நதி ஓடுவது ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள், எண்ணிறந்த வயல்கள், ஊர்கள், இவ்வளவுக்கும் இந்த நீர்தான். புறப்படும்போது மாமா ஒரு புட்டியில் அந்நீரை நிரப்பிக்கொண்டார்.

வீட்டில் ஆச்சி அதனைச் செம்பில் ஊற்றி முகர்ந்தார். ஒரு வாய் பருகினார். "இது வேறே ஆறு" என்றார். மாமா மறுமொழி கூறவில்லை. எஞ்சிய நீரை ஆச்சி கீழே கொட்டாது மூடி வைத்தார்.

அன்றிரவே வண்டியேறினோம். ஆனித் தேருக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று நிலையத்தில் மாமா கூற, முதலிற் குறுக்குத்துறை, பிறகுதான் தேர் என்று தந்தையார் நிபந்தனை விதித்தார். மாமா சிரித்துக்கொண்டே காகிதத்தை எடுத்து அதன் பின்புறம் ஏதோ எழுதினார். அத்தை தந்த அல்வாப் பொட்டலம் மூன்றனுள் ஒன்று விழுப்புரம் வருமுன்னரே தீர்ந்துவிட்டது.