படி அளக்கிற வேலை

எங்கள் சபையில் அசனம் என்றால் ஊரே வந்து சாப்பிடும். பந்தியில் உட்கார நீ எந்த மதம், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அரிசி, பருப்பு, தேங்காய், ஆடு என்று காணிக்கை ஒரு வாரத்துக்கு முன்பே வந்து சேரத் தொடங்கும். அதையெல்லாம் வாங்கி வைத்து, சமைக்கிற தவசிப்பிள்ளை கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கிற இடம்தான் உக்கிராணம். வெகுகாலமாக அதைப் பார்த்துவரும் அண்ணாச்சியிடம் என்னைக் கையாளாகச் சேர்த்துவிட்டார்கள்.

சாமான் களவு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று நினைத்துப் போனேன். “பூட்டிக் காக்க ஒரு நாய் போதும் தம்பி. எப்ப, எவ்வளவு எடுத்துக் குடுக்கணும்னு தெரியணும். அதுக்குத்தான் ஆள் வேணும்” என்றார்.

அவர் கொடுக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உலை கொதிக்கிறது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் அரிசி வெளியே போகும். எண்ணெய் டின்னை முழுசாகத் தூக்கிக் கொடுக்கவே மாட்டார். தாளிப்புக்கு இவ்வளவு என்று ஊற்றித்தான் கொடுப்பார். மல்லிப்பொடியும் வத்தல்பொடியும் தராசில் ஏறாமல் வாசல் தாண்டாது. கமிட்டிக்காரர் வந்து கேட்டாலும் சிட்டை உண்டு. ஆனால் இத்தனை கறாரான மனுஷர், முதல் பந்தி எழுந்ததும் வெளியே போய்க் கூட்டத்தை ஒரு நோட்டம் விடுவார். உள்ளே வந்தால், அதுவரை தொடாமல் வைத்திருந்த கடைசி சிப்பங்களின் வாயைத் தயங்காமல் பிரிப்பார். சிப்பத்துக்கு 25 கிலோ. அரிசியாக மிஞ்சினால் ஏலத்துக்கு ஆகும், சோறாக மிஞ்சினால் குழிக்குத்தான் போகும். ஆனால் பந்தியில் சோறு தட்டிவிட்டால் அடுத்த அசனம் வரைக்கும் பேச்சு ஓயாது.

மத்தியான ஓய்வில் அண்ணாச்சி எனக்கு வேதமும் சொல்லிக் கொடுத்தார். உக்கிராணக்காரன் என்றதும் பிரசங்கிமார் எல்லாரும் லூக்கா 16ஆம் அதிகாரத்துக்குப் போவார்கள். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் எஜமானின் கடன்காரரைக் கூப்பிட்டு, 100 குடம் எண்ணெயை 50 என்றும் 100 கலம் கோதுமையை 80 என்றும் எழுதச் சொன்னவன் கதை. அவன் தள்ளியது தன் கமிஷனையா, எஜமான் போட்ட வட்டியையா என்று வேத அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அண்ணாச்சிக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. “கோதுமையில அஞ்சுல ஒண்ணு, எண்ணெயில சரிபாதி. பாத்தியா, எண்ணெயிலதான் விளையாடுவானுக” என்று டின்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவருக்குப் பிடித்தது அதே லூக்காவின் 12ஆம் அதிகாரம். வீட்டு வேலைக்காரருக்கு ஏற்ற வேளையில் படி அளக்கிற விசாரணைக்காரனைப் பற்றி இயேசு அங்கே பேசுகிறார். எஜமான் வரத் தாமதிப்பார் என்று அவர்களை அடித்து, தான் மட்டும் தின்று குடிக்கிறவனுக்குத் தண்டனை. ஆனால் மத்தேயு 25இல் தாலந்தைப் புதைத்தவன் அதில் ஒரு காசுகூட எடுத்துத் தின்னவில்லை. பத்திரமாக வைத்திருந்தான், அதற்காகவே வெளியே தள்ளப்பட்டான். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 தினாரி. தினாரி ஒன்று ஒரு நாள் கூலி என்றால் ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பை மண்ணுக்குள் போட்டிருக்கிறான்.

களஞ்சியம் பார்த்த இன்னொருவன் யோசேப்பு. ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து, பஞ்சம் பரவியதும் களஞ்சியங்களைத் திறந்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் அதே தானியத்துக்கு ஜனங்களின் பணம், ஆடுமாடு, கடைசியில் நிலம் வரை பார்வோனுக்கு வாங்கிப் போட்டதை ஆதியாகமம் 47இல் படிக்கும்போது எனக்கு அவனை முழுக்கப் பிடிப்பதில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். “அவன் பார்வோன் வீட்டு ஆள்” என்று முடித்துக்கொண்டார்.

பவுலின் எபேசியர் நிருபம் எனக்குப் பிடிபட்டது அந்த அறையில்தான். புறஜாதியாருக்காகத் தேவகிருபையைப் பகிரும் பொறுப்பு தனக்குக் கொடுக்கப்பட்டது என்கிறார். முந்தின தலைமுறைகளுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது வெளியாகியிருக்கிறது என்கிறார். காலம் நிறைவேறும்போது எல்லாவற்றையும் கிறிஸ்துவுக்குள் கூட்டிச் சேர்ப்பது தேவனுடைய ஏற்பாடு. அதற்கும் பவுலின் பொறுப்புக்கும் மூலமொழியில் ஒரே சொல்தான், உக்கிராண வேலையைச் சொல்கிற அதே சொல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேத போதகர் டார்பியும், 1909இல் வெளிவந்த தம் வேதாகமக் குறிப்புகளில் ஸ்கோஃபீல்டும் இந்த ஏற்பாட்டைக் காலங்களாகப் பிரித்தார்கள். குற்றமறியாமை தொடங்கி மனச்சாட்சி, மனித அரசாட்சி, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம் என்று ஸ்கோஃபீல்டின் கணக்கில் ஏழு. இதைத் துணியில் படமாக எழுதித் தொங்கவிட்டுக் கூட்டங்களில் விளக்கக் கேட்டிருக்கிறேன். மனப்பாடம் பண்ண வசதிதான். ஆனால் அந்தப் படத்தில் காலண்டர் இருக்கிறது, படி அளக்கிற ஆளைக் காணோம்.

அசனத்துக் கணக்கு அன்று இரவே முடிய வேண்டும். எண்ணும்போது இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும் என்பது அண்ணாச்சி சட்டம். ஆதாரமும் வைத்திருக்கிறார்: யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயப் பெட்டியில் விழுந்த பணத்தை ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள், எருசலேமுக்குக் காணிக்கை அனுப்பும்போது பவுலும் யாரும் குறைசொல்லாதபடி துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டார். அதே யோவாஸ் காலத்தில் வேலையை நடத்தியவர்கள் உண்மையாய் இருந்ததால் அவர்களிடம் கணக்கே கேட்கவில்லை என்று சில வசனம் தள்ளி எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். “அது அவங்க. நீ சிட்டையை எடு” என்றார்.

வருகிற அசனத்துக்குச் சாம்பார் பக்கம் என் பொறுப்பு. கறிப் பக்கத்துச் சாவி இன்னும் அண்ணாச்சியிடம்தான்.