அப்பாவின் கோடாலியை நான் வாங்கி வைத்த கதை



இன்று மருந்து, மாத்திரை பற்றி எழுதப் போவதில்லை. விறகு பிளக்கும் மிஷின் பற்றி எழுதப் போகிறேன்.

டாக்டருக்கும் விறகுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு.

என் அப்பா ராமநாதபுரம் சீமையில் ஒரு சின்ன விறகுக்கடைக்காரர். எனக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்தது மதிப்பெண்ணால். ஆனால் ஹாஸ்டல் மெஸ் பில், புத்தகம், முதல் ஸ்டெதஸ்கோப் எல்லாம் வந்தது விறகு விற்ற காசில்.

கொஞ்சம் நீளமான பதிவுதான். விறகுக்கடை வைத்திருப்பவர்கள், வீட்டில் இதய நோயாளி இருப்பவர்கள் முழுசா படிங்க.

*

போன வருஷம் ஒரு நாள் காலை. பிரியாணிக் கடைக்கு அனுப்ப வேண்டிய புளியங்கட்டையை அப்பா பிளந்துகொண்டிருந்தார்.

நடு நெஞ்சில் ஒரு அழுத்தம். கூடவே வியர்வை. இடது தோள்பட்டையில் கடுப்பு.

அப்பா என்ன செய்தார்? "கேஸ் பிடிச்சிருக்கு" என்று ஒரு கோலி சோடா வாங்கிக் குடித்துவிட்டு, திரும்ப கோடாலியை எடுத்தார்.

மகன் டாக்டர். அப்பாவுக்கு மாரடைப்பு வரும்போது மருந்து கோலி சோடா.

கடையில் வேலை பார்க்கும் அண்ணன்தான் சந்தேகப்பட்டு எனக்கு போன் போட்டார். 108-ல் ஏற்றி, ஈசிஜி எடுத்து, ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். பிழைத்தார்.

உழைக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வந்து, நின்றால் குறைகிறது என்றால் அது கேஸ் இல்லை. இதயம்தான் என்று நினைத்துக்கொண்டு ஈசிஜி எடுங்கள். இந்தப் பதிவில் இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூட எனக்குப் போதும்.

*

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, சொல்லாமல் ஊருக்குப் போனேன்.

கடைக்குப் பின்னாலிருந்து "டொக்... டொக்..." சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்ப அடிமரத்தைப் பிளந்துகொண்டிருக்கிறார்.

"அப்பா, என்ன செய்றீங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"மெதுவாத்தாம்ப்பா ஒடைக்கிறேன்."

கோடாலியை மெதுவாக வீச முடியுமா? தலைக்கு மேல் தூக்கி, மூச்சை அடக்கி, முழு பலத்தோடு இறக்க வேண்டும். அந்த நொடியில் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. சுருங்கிய ரத்தக்குழாய் உள்ளவருக்கு இந்த வேலை அப்படி இல்லை.

அதோடு, ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள். கோடாலி நழுவி காலில் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது.

இதையெல்லாம் ஓபியில் சொல்கிற மாதிரி அப்பாவிடம் சொன்னேன். முழுசா கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே கேள்வி.

"சரிப்பா. நீ வந்து ஒடைக்கிறியா?"

என்னிடம் பதில் இல்லை.

"ரெஸ்ட் எடுங்க", "வெயிட் தூக்காதீங்க" என்று தினமும் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுக்கிறேன்! அந்த வேலையை அவர்களுக்குப் பதில் யார் செய்வார்கள் என்று ஒரு நாள்கூட கேட்டதில்லை. அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

சீமைக்கருவேல விறகுக்கு அதிகம் பிளக்கும் வேலை இல்லை. துண்டு போட்டால் போதும். பிரச்சினை புளி, வேம்பு அடிமரம்தான். பிளக்காமல் அப்படியே போட்டால் சீக்கிரம் காயாது. ஈர விறகு எரியாது, புகையும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர் பிரியாணி மாஸ்டர். அவரும் நாளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் ஓபிக்குத்தான் வருவார்.

ஆள் வைக்கலாம் என்றால், கோடாலி பிடிக்க இப்போது யாரும் வருவதில்லை. இருக்கும் ஒரே அண்ணனுக்கும் இடுப்பு வலி.

சரி, மிஷின்தான் என்று முடிவு செய்தேன்.

*

முதலில் பார்த்தது திருகு மிஷின். கூம்பு மாதிரி ஒரு பெரிய திருகாணி சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டையை அதன் முனையில் வைத்தால் உள்ளே ஏறிப் பிளக்கும். டிராக்டரிலும் மாட்டலாம், மோட்டாரிலும் ஓடும். விலை குறைவு.

வேண்டவே வேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது.

கேஷுவாலிட்டி டியூட்டியில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தோளில் போட்டிருந்த துண்டு திருகில் மாட்டி, துண்டோடு கையும் சேர்ந்து சுற்றிவிட்டது. மற்றதை எழுத விரும்பவில்லை. அந்தத் திருகு கட்டை, துணி, கை என்று பிரித்துப் பார்க்காது. சுவிட்சை அணைத்தாலும் உடனே நிற்காது.

அடுத்து ஹைட்ராலிக். ஒரு பக்கம் ஆப்பு, எதிரே எண்ணெய் அழுத்தத்தில் நகரும் சிலிண்டர். நடுவில் கட்டை. மெதுவாக நகரும், லிவரை விட்டால் நிற்கும். நம் ஊரில் ஆப்பு வைத்து சம்மட்டியால் அடிப்போமே, அதே வேலைதான். அடிப்பதற்குப் பதில் அழுத்துகிறது.

இதில் கரண்ட்டில் ஓடுவது, பெட்ரோலில் ஓடுவது என்று இரண்டு வகை. கடையில் இருப்பது சிங்கிள் பேஸ். வோல்டேஜும் சரியில்லை. மரம் வாங்கிய தோப்பிலேயே பிளக்க வேண்டிய நாளும் உண்டு. அதனால் பெட்ரோல்.

இங்கே ஒரு கூத்து. யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். அவர்கள் பெட்ரோலை 'கேஸ்' என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அப்பா, "ஏப்பா, கேஸ் மிஷின்கிறான். சிலிண்டர் விக்கிற வெலையில கேஸை ஊத்தி வெறகு ஒடைக்கவா? அதுக்கு அந்த கேஸ்லயே பிரியாணி செஞ்சிரலாமே!" என்றார்.

நியாயமான கேள்விதான்.

*

கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். ஒரு மிஷினில் '25 டன்' என்று பெரிய ஸ்டிக்கர்.

மருந்துக் கம்பெனி பிரதிநிதிகளிடம் பேசிப் பழகியவன் நான். ஸ்டிக்கரை நம்பவில்லை. இரண்டே கேள்வி கேட்டேன். சிலிண்டரின் உள் விட்டம் எவ்வளவு? பம்ப் கொடுக்கும் அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு?

100 மில்லிமீட்டர், 200 பார் என்றார்கள்.

பள்ளிக்கூடக் கணக்குதான். 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 78.5 சதுர செ.மீ. 200 பார் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 204 கிலோ. பெருக்கினால் சுமார் 16,000 கிலோ, அதாவது 16 டன்.

மீதி 9 டன் எங்கே என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார்கள்.

16 டன் மோசமில்லை. நேர் நாரோடு வளர்ந்த மரத்துக்கு அது தாராளம். கணு விழுந்த புளிக்குப் போதுமா?

அப்பா பேசவில்லை. வெளியே போய், வேனிலிருந்து ஒரு சாக்கை இறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு கணு உள்ள புளியங்கட்டை. வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார். எனக்கே தெரியாது.

25 டன் ஸ்டிக்கர் மிஷின் பாதி ஏறி, முனகி, நின்றுவிட்டது.

பக்கத்திலிருந்த இன்னொன்றில் ஸ்டிக்கர் சின்னது, சிலிண்டர் பெரியது. 115 மில்லிமீட்டர், 240 பார். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 25 டன். அதே மாதிரி இன்னொரு கட்டையை வைத்தார்கள். கொஞ்சம் திணறியது, 'படார்' என்று பிளந்தது.

அப்பா தலையாட்டினார். முடிந்தது பேரம்.

*

வாங்க நினைப்பவர்களுக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

1. டன் கணக்கை நீங்களே போடுங்கள். உங்கள் மரத்தை எடுத்துப் போய்ப் பிளந்து காட்டச் சொல்லுங்கள்.

2. இரண்டு நிலை பம்ப் இருக்கிறதா பாருங்கள். வெறுமனே நகரும்போது வேகமாகப் போகும். கட்டையில் ஆப்பு இறுகியதும் வேகம் குறைந்து அழுத்தம் கூடும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டைக்கும் காத்துக்கிடக்க வேண்டும்.

3. படுக்கை வசத்தில் மட்டும் ஓடுமா, செங்குத்தாகவும் நிறுத்தலாமா? எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மிஷின் பிளக்கும், சரி. 60 கிலோ கட்டையை அதன் மேல் தூக்கி வைப்பது யார்? மனுஷன்தானே! செங்குத்தாக நிறுத்தினால் கட்டையைத் தரையிலேயே உருட்டி வந்து ஆப்புக்கு அடியில் வைக்கலாம். இதயமும் தப்பிக்கும், இடுப்பும் தப்பிக்கும்.

4. இரண்டு கையாலும் இயக்கும் அமைப்பு இருந்தால் நல்லது. இரண்டு கையும் லிவரில் இருந்தால், ஆப்புக்கு நடுவில் போக மூன்றாவது கை கிடையாது.

5. ஓஸ், சீல், எண்ணெய் உங்கள் ஊரில் கிடைக்குமா? பொக்லைன், டிராக்டர் பார்க்கும் மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விலை ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்தது. சம்பளத்தில் மாதத் தவணை போகிறது. வீட்டு அடுப்புக்கு மட்டும் விறகு உடைப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. நல்ல இரும்பு ஆப்பும் சம்மட்டியும் போதும்.

*

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மிஷின் வந்து மூன்றாவது வாரம். நான் ஊரில் இருந்தேன். ஓடிக்கொண்டிருந்த மிஷினின் ஓஸில் மூடுபனி மாதிரி லேசாக எண்ணெய் பீறிட்டது. அண்ணன் எங்கே ஓட்டை என்று பார்க்க விரலைக் கொண்டு போனார்.

"அண்ணே, கை வைக்காதீங்க!"

நான் போட்ட கத்தலில் பக்கத்து டீக்கடையே எழுந்து நின்றது. அண்ணன் பயந்து கையை இழுத்துக்கொண்டார். "என்ன டாக்டர் தம்பி, வெறும் எண்ணெதானே?"

வெறும் எண்ணெய் இல்லை. 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு விரலுக்குள் பாயும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. முதலில் வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே எண்ணெய் நரம்பு, தசைநார் வழியே பரவி, சில மணி நேரத்தில் விரல் வீங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோகும். உடனடியாக ஆபரேஷன் செய்து திறந்து சுத்தம் செய்ய வேண்டும். தாமதித்தால் விரல் போகும்.

இது எனக்கு எப்படித் தெரியும்?

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு இரவு ஒரு மெக்கானிக் வந்தார். ஆள்காட்டி விரலில் ஒரு சின்னப் புள்ளி. "ஹைட்ராலிக் ஓஸ் அடிச்சிருச்சு சார்" என்றார். நான் சுத்தம் செய்து, டிடி ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். சீனியரைக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் காயம்.

மறுநாள் மாலை திரும்ப வந்தார். விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க பாத்துத்தானே சார் அனுப்புனீங்க" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் அன்று என் தொண்டையிலிருந்து கத்தலாக வந்தது.

தயவுசெய்து நினைவில் வையுங்கள்:

▪️ ஹைட்ராலிக் கசிவைக் கையால் தேடாதீர்கள். இன்ஜினை அணைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பாருங்கள். ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்றால் தள்ளி நின்று ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

▪️ எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிட்டால், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். "அதிக அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பார்ப்பவர் என்னைப் போன்ற ஒரு கத்துக்குட்டியாக இருக்கலாம்.

▪️ ஒருவர் கட்டை வைக்க, இன்னொருவர் லிவர் இழுப்பது கூடாது. வைப்பவரே இயக்க வேண்டும். கூட்டாளி அவசரப்படும்போதுதான் விரல் நசுங்குகிறது.

▪️ விரல் துண்டானால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போடாதீர்கள். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

▪️ பெட்ரோல் இன்ஜினை மூடிய கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைச் சத்தமில்லாமல் சாய்க்கும்.

▪️ துண்டு, தொங்கும் லுங்கி, கை உறையாகச் சுற்றிய துணி வேண்டாம். கண்ணாடியும் ஷூவும் வேண்டும்.

*

இப்போது மிஷினை அண்ணன் ஓட்டுகிறார். அப்பா பத்தடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சும்மா இல்லை. கையில் ஒரு சாக்பீஸ்.

மிஷின் ஸ்டார்ட் ஆவதற்கு முன் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்து, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஆப்பு இறங்க வேண்டிய இடத்தில் கோடு போட்டு வைக்கிறார். அவர் கோடு போட்ட கட்டை திணறாமல் பிளக்கிறது. கோடு போடாதது மிஷினையே முனக வைக்கிறது. நாற்பது வருஷத் தொழில், 25 டன்னுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறது.

கோடாலி என் குவார்ட்டர்ஸ் பீரோவுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும், "எப்பப்பா கொண்டாருவ?" என்று கேட்கிறார்.

"மறந்துட்டேம்ப்பா" என்கிறேன்.

அவரும் நம்புகிற மாதிரி தலையாட்டுகிறார்.

உங்கள் அப்பாவுக்கும் இப்படி ஒரு கோடாலி இருக்கும். "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்வதோடு நிற்காமல், அந்த வேலைக்கு என்ன வழி என்று அவர்கூட உட்கார்ந்து யோசியுங்கள்.



விறகுக்கடைக்காரர் மகன்,
அரசு மருத்துவர்