தரையைத் தட்டிப் பார்க்கணுங்க

மே மாதம் கரூர் பைபாஸ் ஓரத்துப் பட்டறைகளுக்குள் நுழைந்தால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மஞ்சள் நிறம்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தார் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்வார்கள். தரை மாற்றி, கதவு சரிசெய்து, பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து அதற்குள் வண்டியை அனுப்பியாக வேண்டும். நாங்கள் போன பட்டறையில் புதுப் பேருந்துக்குப் பாடி கட்டும் வேலையைக்கூட ஓரங்கட்டிவிட்டு எல்லாரும் இதில்தான் இறங்கியிருந்தார்கள். இந்த நெருக்கடியில்தான் நானும் தம்பியும் போய், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்தை வீடாக்கலாமா என்று கேட்டோம்.

தம்பிக்கு அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டம் இருக்கிறது. ராத்தங்க அங்கே இடமில்லை. அமெரிக்காவில் பழைய பள்ளிப் பேருந்தை ஏலத்தில் எடுத்து, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடும்பமாகவே குடியிருப்பவர்களைப் படங்களில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. தெரிந்த பள்ளி ஒன்று தன் பழைய வண்டியைத் தள்ளிவிட இருந்தது. அந்த வண்டி இந்தப் பட்டறையின் பின்புறத்தில்தான் நின்றது.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். பதின்ம வயதில் கையாளாக வந்தவர். தேக்குச் சட்டத்தில் பாடி கட்டிய காலத்தையும் பார்த்திருக்கிறார், இரும்புக் குழாய்க்கு மாறியதையும் பார்த்திருக்கிறார். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "வீடுங்களா? ஓடற வீடா, நிக்கற வீடா? மொதல்ல அதைச் சொல்லுங்க அம்மிணி" என்றார்.

தம்பி எதையும் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

கரூர் என்றால் ஜவுளி, கொசுவலை, பஸ் பாடி. தென்னிந்தியச் சாலைகளில் ஓடும் தனியார் பேருந்துகளில் கணிசமானவை இங்கே உருவானவை. ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வெறும் சேஸ் வரும். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், ஓட்டுநருக்கு ஓர் இருக்கை, அவ்வளவுதான். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் அதை ஓட்டி வருபவரை நெடுஞ்சாலையில் எல்லாரும் பார்த்திருப்போம். அந்தச் சேஸ் மேல்தான் குறுக்குச் சட்டம், பில்லர், கூரை வளைவு என்று ஒவ்வொன்றாக எழும்புகிறது.

ஒரு புதுச் சேஸுக்குக் கீழே குனியவைத்து மேஸ்திரி காட்டியதை நான் அதற்கு முன் கவனித்ததில்லை. பாடியைச் சேஸோடு வெல்டு வைத்து ஒட்டுவதில்லை. குறுக்குச் சட்டங்களை யூ போல்ட்டால் பிணைக்கிறார்கள். இரண்டு இரும்புக்கும் நடுவே பேக்கிங் வைக்கிறார்கள். மேடு பள்ளத்தில் சேஸ் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். வெல்டு வைத்தால் அந்தச் சூட்டில் நீளச் சட்டத்தின் பலம் போய், பிற்பாடு அந்த இடத்திலேயே விரிசல் விடும். "ஆட்டத்துக்குன்னு கட்டுனதுங்க இது. ஆடாம நின்னா என்னாகுமுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. நின்ன வண்டியெல்லாம் எங்ககிட்ட வராது, காயலான் கடைக்குத்தான் போகும்" என்றார். அன்று கேட்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். வீடு அசையாமல் நிற்பதற்காகக் கட்டப்படுவது. பேருந்தின் ஒவ்வொரு இணைப்பும் அசைவைத் தாங்குவதற்காக யோசித்து வைத்தது. ஒன்றை மற்றொன்றாக்கும்போது திரைச்சீலை, கட்டில் எல்லாம் கடைசியில் வருகிற கேள்விகள்.

பக்கத்தில் ஒரு புது வண்டிக்குப் பக்கவாட்டுத் தகடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தகட்டின் ஒரு முனையைப் பற்றவைத்து, சூடுகாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துப் பொருத்துகிறார்கள். ஆறியதும் தகடு விறைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது படபடக்காது. நாலு பேர் ஒரே மூச்சில் செய்ய வேண்டிய வேலை. அதில் ஒரு வெல்டர் இளைஞர், கைத்திரையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மட்டும் மாட்டியிருந்தார். திரையைப் பிடித்தால் ஒரு கை போய்விடுகிறதாம். "ராத்திரி கண்ணுல மணலக் கொட்டுன மாதிரி இருக்குங்க்கா. உருளைக்கெழங்க அரிஞ்சு வெச்சுக் கட்டிக்கிட்டுப் படுத்துக்குவேன்" என்றார். தலையில் மாட்டும் முழுத் திரை பெரிய விலையுள்ள பொருள் அல்ல. பேருந்து ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்கிற குழுவில் அதை யார் வாங்கித் தருவது என்பது மட்டும் தீராமலே இருக்கிறது. பட்டி தேய்க்கிறவர்களின் மூக்கிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. அவர்களுக்குப் பாதுகாப்பு என்று இருந்தது தோளில் கிடந்த துண்டுதான். பேருந்தின் பளபளப்பு இவர்களுடைய கண்ணிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வருகிறது. பயணிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு தம்பியின் வண்டிக்குப் போனோம்.

வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. மேஸ்திரி மேலே பார்க்கவில்லை. மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, முன்படியிலிருந்து தட்ட ஆரம்பித்தார். சில இடங்களில் 'டங்' என்றது. படிக்கு உட்புற மூலையில், பின்சக்கரத்தின் மேல்வளைவுக்கு இரு பக்கமும், பின்னாலிருக்கும் அவசரக் கதவுக்கு அடியில் 'தொப்' என்றது. விரிப்பின் ஓரத்தைக் கிளப்பிக் காட்டினார். அடியில் பிளைவுட் கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. பள்ளி வண்டியில் தண்ணீர் ஓயாது. சிந்திய தண்ணீர் பாட்டில், நனைந்த குடை, வாந்தி, அதற்காகத் தினமும் குழாய் வைத்துக் கழுவுவது. கழுவின தண்ணீர் விரிப்புக்குக் கீழே போய்த் தங்கும். வண்டிக்கு அடியில் படுத்து, பில்லர் கால் குறுக்குச் சட்டத்தில் சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். சதுரக் குழாய்க்குள் அது நுழைந்துவிட்டது. செதில் செதிலாகத் துரு கொட்டியது. வெளியே பெயிண்ட் அப்படியே இருந்தது.

"குழா உள்ளயிருந்து அரிக்குமுங்க. வெளிய தெரியறப்ப காரியம் முடிஞ்சிருக்கும்."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே 2012ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். அந்த ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். தமிழ்நாட்டையே உலுக்கிய சாவு அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, பள்ளி வாகனங்களுக்கென்று மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. "அதுக்கப்புறம் நான் எந்த வண்டிக்கும் பழைய பலகை மேல புதுப் பலகை போடறதில்லீங்க. முழுசாப் பிரிச்சுட்டுத்தான் போடுவேன். காசு கொறைக்கச் சொன்னா வேற பட்டறையப் பாருங்கம்பேன்."

அமெரிக்காவிலும் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதல் கேள்வி தரைதான். அங்கே வண்டியின் அமைப்பு வேறு. தரையே இரும்புத் தகடு. அதன் மேல் பிளைவுட், அதற்கு மேல் ரப்பர் விரிப்பு. வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போடுவார்கள். அந்த உப்பு வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வறண்ட தென்மேற்கு மாநிலங்களில் ஓடிய வண்டியைத் தேடிப்போகிறார்கள். 1939இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில்தான் பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறமும் பொதுவான அளவுகளும் பேசி முடிவாயின. 1977இல் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காதிருக்கவும், தகடுகளின் இணைப்பு பிரியாதிருக்கவும் மத்திய அரசு தரம் விதித்தது. அப்படிக் கட்டிய வண்டி பள்ளிக்கு உழைத்து ஓய்ந்த பிறகும் கூடு திடமாக இருக்கிறது. நிறத்தை மாற்றி, நிறுத்தக் கையையும் சிமிட்டு விளக்குகளையும் கழற்றி, வீட்டு வண்டி என்று பதிவை மாற்றிக்கொள்ளப் பல மாநிலங்களில் வழி உண்டு. அந்த வழி இருப்பதால்தான் அங்கே இது ஒரு வாழ்க்கை முறையாகவே வளர்ந்தது.

நம் ஊரில் அந்த வழி குறுகலானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. வீட்டு வண்டிக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரம் இருக்கிறது. சோதனை, சான்று எல்லாம் வாங்கிப் புது வண்டியில் செய்கிற நிறுவனங்களுக்கு அது சரிப்படும். பழைய பள்ளிப் பேருந்துக்குள் அடுப்பு வைத்து, எஃப்.சி.க்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். ஆக, ஓடுகிற வீடு என்பது அங்கேயே முடிந்தது. தம்பியின் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே சிலிண்டரும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிக்கொண்டு, பிரேக் தாங்குமா என்று யாரும் கணக்குப் பார்க்காத வண்டி நெடுஞ்சாலையில் போகக் கூடாது. 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன்.

மிச்சம் நிற்கிற வீடு. டேப் பிடித்து அளந்தோம். உள் அகலம் 7.5 அடி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நீளம் 24 அடி. 180 சதுர அடி, அதில் சக்கர வளைவுகள் தின்பது போக. உயரம் 6 அடி 2 அங்குலம். தரையிலும் கூரையிலும் வெப்பத்தடுப்பு போட்டால் நாலு அங்குலம் குறையும். தம்பியின் உச்சந்தலை உரசும். வெப்பத்தடுப்பு போடாமல் இருக்கவும் முடியாது. கோடையில் வானிலைச் செய்தியைக் கேட்கிற எவருக்கும் கரூர் பரமத்தி என்ற பெயர் தெரியும். 40 டிகிரியைத் தாண்டிய ஊர்ப் பட்டியலில் அது அடிக்கடி இருக்கும். அந்த வெயிலில் தகட்டுக் கூரைக்குக் கீழே மத்தியானம் மனிதர் இருக்க முடியாது. கிளாஸ் வூல் அடைத்தாலும், கூரை வளைவுகள் இரும்பு. மேல்தகட்டின் சூட்டை அவை நேரே உள்தகட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

"மேல தனியா ஒரு கொட்டாய் போட்டு, ரெண்டடி இடைவெளி உட்டுருங்க. காத்துப் போகட்டும்" என்றார் மேஸ்திரி. "டயர்ல நிறுத்தாதீங்க, வெடிப்பு உட்டுரும். ஸ்பிரிங் பட்டை இருக்கற எடத்துக்குப் பக்கத்துல சேஸுக்குக் கீழ கட்டை கட்டி ஏத்துங்க. அலுமினியத் தகடும் இரும்பும் சேர்ற எடத்துல ஈரம் நின்னா அலுமினியம் அரிச்சுப் போகும். புல்லு முளைக்காத எடமாப் பாருங்க."

கொட்டகை, கட்டை, கழிவறைக்குத் தனிக் குழி, புதுத் தரை, பாதிப் பில்லர்களுக்குப் புதுக் கால். நான் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். ஹாலோ பிளாக்கில் ஓர் அறையும் திண்ணையும் கட்டுகிற செலவுக்கு இது பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் பேருந்தை வீடாக்க ஒரே காரணம்தான் மிஞ்சுகிறது: அதன் மேல் ஆசை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். சின்ன வயதில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டைபோட்ட எவரும் மதிப்பார். ஆனால் ஆசைக்காக வாங்குகிறவர்கள்தான் பில்லர் காலை எல்லாரையும்விடக் கடுமையாகப் பரிசோதிக்க வேண்டும். கணக்குப் பார்த்து வாங்கியது வீணானால் பணம் போகும். ஆசைப்பட்டு வாங்கியது தோட்டத்தில் துருப்பிடித்து நிற்கும்போது, அதைப் பார்க்கவே அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடுவார்கள். தோட்டமும் சேர்ந்து கெட்டுவிடும்.

தம்பி மனைவியிடம் கைபேசியில் பேசினோம். அவள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள்: "அண்ணி, நான் அதுக்குள்ள கடுகு தாளிக்க மாட்டேன். அடுப்பும் குளிக்கற எடமும் வெளிய கட்டடமா இருக்கட்டும். படுக்கறதுக்கு வேணா அவரு பஸ்ஸ வெச்சுக்கட்டும்." மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதுதான் சரியான பிளான் என்றார். கொட்டகை முதலில். சமையலறை, குளியலறை அதன் ஓரத்தில். பேருந்து அதற்கப்புறம்.

இந்த வண்டி வேண்டாம் என்று பள்ளிக்காரர்களிடம் தம்பி அப்போதே சொல்லிவிட்டான். அவர்களுக்கு வருத்தமில்லை; பழைய இரும்புக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேறு வண்டி எப்போது பார்க்கலாம் என்று மேஸ்திரியிடம் கேட்டான்.

"ஜூன் கழியட்டுந் தம்பி. இப்ப கொழந்தைங்க வண்டிதான் எனக்கு மொதோ வேலை. அதுக்குள்ள எங்காவது பாத்தீங்கன்னா, கழுவித் தொடச்சு நிறுத்தியிருக்கறப்பப் பாக்காதீங்க. நல்ல மழை பேஞ்ச மறுநா காத்தால போயி, விரிப்பத் தூக்கிட்டு ஒவ்வொரு மூலையா வெரல வெச்சுப் பாருங்க. சுக்கா இருந்தா எனக்கு ஒரு போன் போடுங்க, நானே வந்து அடியில படுத்துப் பாக்கறேன்" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பள்ளி வண்டியின் தரையை முழுசாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். புதுப் பலகைக்கு அளவெடுக்க அவர் போக வேண்டியிருந்தது.