ஆண்டாள் கதையை மறுபடி எழுதிய ரசிகர்!

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் வந்துவிடும். இங்கே துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்தவள் ஆண்டாள். அவள் கதையை மறுபடி எழுதிய ரசிகர், ஓர் அரசர்!

1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' முன்கதைப் படம் பிடிக்காமல், ரசிகர் ஒருவர் அதை வெட்டிச் சுருக்கித் தன் இஷ்டப்படி மாற்றினார். விஜயநகரத்தின் கிருஷ்ணதேவராயருக்கோ ஆண்டாள் கதையில் குறையே தெரியவில்லை. கனவில் பெருமாள் தெலுங்கில் பாடச் சொன்னதாக எழுதியிருக்கிறார். 500 ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பிறந்தது 'ஆமுக்தமால்யதா'. பெயரின் பொருள், சூடிக் கொடுத்தவள். வெயில், மழை, அரசியல் பாடம் எல்லாம் சேர்த்தார்.

ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீடுகளில் இன்றும் தெலுங்கு ஒலிக்கிறது. பக்கத்து ஊர்ப் பெண்ணின் கதை அவர்கள் தாய்மொழியிலும் இருக்கிறது.

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. பால்கோவா வாங்கும் முன், நந்தவனத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.