விளக்கின் கீழும் விளக்கின் மேலும்

இருளை அகற்றி ஒளியைப் பரப்புவதே கல்வி என்று ஆசிரியத் தொழில் புரியும் நாம் நாள்தோறும் சொல்லி வருகிறோம். அறியாமை இருள், அறிவு ஒளி என்னும் உவமை நம் நாவில் ஊறிப்போனது. ஆதலால், ஒரு நகரத்தில் விளக்கொளி மிகுந்துவிட்டது என்று குறைகூற ஓர் ஆசிரியர் முன்வருவாராயின், முற்போக்குச் சிந்தையுடைய நண்பர்கள் அவரை ஐயத்தோடு நோக்குதல் இயல்பே. பழைமையை எண்ணி ஏங்குகிறாரோ, ஏழையின் குடிசைக்கு விளக்கு வேண்டாம் என்கிறாரோ என்று கேட்கத் தோன்றும். அந்த ஐயம் நியாயமானது. அதனை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கண்டியில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு, பாடத்திட்டத்திற்குப் புறம்பாக, புறநானூற்றின் 229ஆம் பாட்டை ஒருமுறை விளக்கினோம். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவை எண்ணிக் கூடலூர் கிழார் பாடியது அது. பங்குனி மாதத்து நள்ளிரவொன்றில் விண்மீன் ஒன்று எரிந்து வீழ்ந்ததையும், அவ்வேளையில் எந்தெந்த மீன் எவ்விடத்தில் நின்றது என்பதையும் புலவர் நிரல்படக் கூறுகிறார். மீன் வீழ்ந்தால் மன்னன் மடிவான் என்ற நம்பிக்கையை நாம் ஏற்பதில்லை. எனினும், கருவி எதுவுமின்றி, வெறுங்கண்ணால் வானத்தைப் புத்தகம்போல் படித்த அந்த மனிதரின் கூர்த்த நோக்கை வியவாதிருக்க முடியுமா? அந்த வியப்பில், "உங்களில் எத்தனை பேர் கார்த்திகை மீனை வானத்தில் காட்டுவீர்கள்?" என்று கேட்டோம். வகுப்பிலே இரண்டு கைகள் மட்டுமே உயர்ந்தன. இரண்டும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளின் கைகள்.

நகரத்துப் பிள்ளைகள் பொறாமையோடு அவர்களைப் பார்த்தனர். அப்பொழுது, ஹந்தானை மலைச்சரிவிலிருந்து வரும் மாணவி சொன்ன விடை எம் சிந்தையைக் கலக்கிவிட்டது.

"லைட்டு இல்லாததாலதான் தெரியுது, சேர். வீட்டுக்குள்ள கரண்ட் இருக்கு. பாதையில ஒண்ணும் இல்ல. டியூசன் முடிஞ்சு போனா அப்பா டோர்ச் எடுத்துக்கிட்டு பஸ் ஹோல்ட்டுக்கு வருவாரு. மழைக்காலத்துல பாம்பு கெடக்கும்."

வானத்தின் அழகைப் பேச முற்படும் எவரும் இந்த விடையைத் தாண்டிச் செல்லுதல் ஆகாது. நகரத்துப் பிள்ளைக்கு மறுக்கப்பட்டது விண்மீன். தோட்டத்துப் பிள்ளைக்கு மறுக்கப்பட்டது பாதை விளக்கு. இவ்விரு குறைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது புலனாகும்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். கண்டி ஏறத்தாழ வட அகலாங்கு 7 பாகையில் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் நமக்கு இயற்கை அளித்த கொடை பெரிது. வடக்கே தொடுவானுக்குச் சற்று மேலே துருவ மீன், தெற்கே தென்சிலுவை. ஐரோப்பியருக்குத் தென்வானத்தின் பெரும்பகுதி என்றுமே எட்டாது. நமக்கோ, ஓராண்டுக் காலத்தில் ஏறக்குறைய முழு வானமும் தலைக்கு மேலே வந்து போகிறது. நல்ல இருளில், ஒரே வேளையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை வெறுங்கண்ணால் காணலாம்.

ஆனால் கண்டி ஒரு கிண்ணம். நாற்புறமும் மலை, நடுவே 1807இல் கடைசி மன்னன் வெட்டுவித்த வாவி, அதைச் சுற்றிக் கடைத்தெருக்கள். ஈரம் மிகுந்த காற்றும் வாகனப் புகையும் இக்கிண்ணத்தில் தேங்குகின்றன. மூடியில்லாத விளக்கிலிருந்து மேல்நோக்கிப் பாயும் ஒளி இத்துளிகளிலும் தூசுகளிலும் பட்டுச் சிதறி, கீழே திரும்பி வருகிறது. பகல்வானம் நீலமாக இருப்பதற்குக் காரணமான விதியே இங்கும் தொழிற்படுகிறது: நீலக்கதிர் மிகுதியாகச் சிதறும். பழைய சோடிய விளக்கின் மஞ்சளை விட, இன்றைய வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கில் நீலம் மிகுதி. ஆகவே ஹந்தானையிலிருந்து இரவில் நோக்கினால், நகரத்தின் மேல் வெளிறிய கூடாரம் கவிந்திருப்பதைக் காணலாம். அக்கூடாரத்தின் உள்ளே இருப்பவனுக்கு வெள்ளியும் வியாழனும் தெரியும்; திருவாதிரையும் கேட்டையும் தெரியும்; பால்வீதி தெரியாது.

இது கண்டிக்கு மட்டும் உரிய துயரன்று. 2016இல் வெளியான உலக வரைபடம் ஒன்று, மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர் என்று கணித்தது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் எண்ணி அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட கணக்குகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வானின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் பெருகுகிறது என்று 2023இல் அறிவித்தனர். பிறந்தபோது 250 மீன்கள் தெரிந்த ஊரில், பதினெட்டு வயதாகும்போது ஒரு பிள்ளைக்கு எஞ்சுவது 100 மீன்கள் மட்டுமே.

கண்டிக்கு அதன் வானம் ஒருமுறை திரும்பி வந்தது. 2022 மார்ச்சு இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்தபோது, மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. ஏப்ரல் முதலாம் திகதி அமாவாசை. அதனை ஒட்டிய இரவொன்றில் எம் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மேற்கே கார்த்திகை சாய்ந்துகொண்டிருந்தது; பத்து மணியளவில் தெற்கே தென்சிலுவை மேலேறி நின்றது. அண்டை வீட்டு முதியவர், "இவ்வளவும் இங்கேதான் இருந்ததா?" என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டார். ஆனால் அதே இரவில் மெழுகுதிரியருகே கண்ணைக் கசக்கிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நாம் அறிவோம். மறுநாள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற தாய்மாரையும் அறிவோம். அந்த வானத்துக்கு மக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது. அத்தகைய விலைக்கு விண்மீனை வாங்க எவரும் விரும்பார், நாமும் விரும்பவில்லை.

அவ்வாறாயின் வழி யாது? ஒளி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்பதே வழி. மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். லக்ஷபான முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. மலைகளில் பிறந்த மின்சாரம் கம்பிவழி லயங்களின் தலைக்கு மேலே நகரங்களுக்குச் சென்றது. லயங்களின் உள்ளே அது நுழையப் பல பத்தாண்டுகள் சென்றன. கண்டிக்கு அருகே 1985இல் நிறைவேறிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. நுரைச்சோலையிலோ கடல்கடந்து வாங்கிய நிலக்கரி எரிகிறது. மக்கள் ஊரிழந்தும், நாடு கடன்பட்டும் உண்டாக்கிய இந்த ஒளியில் ஒரு பகுதியை, ஆளில்லா விளம்பரப் பலகைகளும் மூடியற்ற விளக்குகளும் நள்ளிரவில் மேகத்துக்கு வாரி இறைக்கின்றன. அதே வேளையில் தோட்டத்துப் பாதை இருளில் கிடக்கிறது. இது ஒளியின் மிகுதியன்று. ஒளியின் பங்கீட்டில் உள்ள அநீதி.

இதைத் திருத்தப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் விளம்பரத் தேடொளி விளக்குகளை 1958லேயே தடைசெய்தது. பிரான்சில் கடைக் கண்ணாடிகளின் விளக்குகளை நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குள் அணைத்தல் வேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் லடாக்கில், ஹன்லே என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தவரே பயிற்சி பெற்று, வருவோருக்குத் தொலைநோக்கி வழியே வானத்தைக் காட்டுகின்றனர். விளக்குக்கு மேலே ஒரு மூடி, வெண்மைக்குப் பதில் மஞ்சள் சாயல், நள்ளிரவுக்குப் பின் பாதி ஒளி, இவ்வளவே தேவை. மூடியிட்ட விளக்கு முழு ஒளியையும் நிலத்துக்கே தருவதால் குறைந்த மின்சாரம் போதும். மிஞ்சுவதைக் கொண்டு மலைப்பாதைக்கு விளக்கிடலாம்.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மழை ஓய்ந்த பெப்ரவரி மாதத்தில், நிலவில்லா இரவொன்றில், திருவாதிரையையும் மிருகசீரிடத்தையும் தன்னகத்தே கொண்ட வேட்டைக்காரன் கூட்டத்தில் எத்தனை மீன் தெரிகிறதென்று எண்ணுங்கள். வாவிக்கரையில் ஒரு குழு, பேராதனையில் ஒரு குழு, தோட்டத்தில் ஒரு குழு. அதோடு, ஒவ்வொரு குழுவும் தன் சுற்றுவட்டத்தில் வீணே எரியும் விளக்கு எத்தனை, விளக்கில்லாத நடைபாதை எத்தனை என்றும் குறித்துவரட்டும். இரண்டு பட்டியலையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் நாம் இங்கே சொன்னவை யாவும் தாமே விளங்கும்.

அப்பட்டியல்களைக் கையில் கொண்டு சபைகளின் வாசலுக்குச் செல்வோம். மலைப்பாதைக்கு ஒரு விளக்கு வேண்டும். நகரத்து விளக்குக்கு ஒரு மூடி வேண்டும். இவ்விரண்டையும் வெவ்வேறு மனுக்களாக அன்றி, ஒரே மனுவாக எழுதுதல் வேண்டும்.